வந்தது வந்தபடி

அண்ணாச்சி வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது என்னை மிக்சி பெட்டியின் மேல் உட்காரச் சொன்னார்கள். நாற்காலி இல்லாத வீடில்லை. இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் மேசை மின்விசிறி வந்த அட்டைப்பெட்டி, மற்றதில் இஸ்திரிப்பெட்டி வந்த அட்டைப்பெட்டி. கட்டிலுக்கு அடியில் குக்கர் வந்த பெட்டி. பரணில் இன்னும் என்னென்னவோ. டிவி, தான் வந்த பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. நான் தயங்கி நின்றேன்.

"பெட்டி அமுங்கிடாதா அண்ணாச்சி?"

"உள்ள தெர்மோகோல் இருக்கு தாயி. தைரியமா உக்காரு."

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஐந்தாறு போர்ஷன்கள். ஒன்றில் அண்ணாச்சியும், அவர் மனைவியான அக்காவும். அடுத்ததில் நானும், என்னைப் போலவே வேலைக்குப் போகிற இன்னொரு பெண்ணும். அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். அதாவது, பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, லாரியில் ஏற்றி அனுப்புகிற வேலை. நான் அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷன். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளச் சீட்டில் தவிர வேறெங்கும் அதை யாரும் உபயோகித்து நான் பார்த்ததில்லை.

பெட்டிகளுக்குக் காரணம் எளிமையானது. அண்ணாச்சி ஊருக்குத் திரும்பிப் போகப்போகிறார். எப்போது? பொங்கல் முடிந்ததும். எந்தப் பொங்கல் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அவர் ஓசூருக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் புளியமரம்தான் நின்றது என்று அவரே சொல்வார். அந்த மரம் போய், கடைகள் வந்து, கடைகள் போய், பெரிய கடைகள் வந்தாயிற்று. அண்ணாச்சி மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரியே இருந்தார்.

"போகும்போது எல்லாத்தையும் அது அது பெட்டியில வச்சு, வந்தது வந்தபடி கொண்டு போயிரணும். நாம இங்கன என்ன நிரந்தரமாவா இருக்கப்போறோம்?"

இதை அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்பது எதிரில் இருப்பவரின் பொறுமையைப் பொறுத்தது. எனக்குப் பொறுமை அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது.

அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி கிடையாது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும், காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். தேதி பார்க்க வேண்டுமென்றால் ஜன்னலைச் சாத்த வேண்டும். ரேஷன் கார்டு ஊரில். ஒரே மகன் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தான், நடுவில் ஊர் மாறினால் படிப்பு கெட்டுவிடும் என்று. அக்கா ஆசையாக வளர்த்த கறிவேப்பிலைச் செடிகூடக் கைப்பிடி வைத்த பெயிண்ட் வாளியில்தான் இருந்தது. மண்ணில் வைத்தால் வேர் ஓடிவிடுமாம். அவருடைய ஸ்கூட்டருக்கு இன்னும் திருநெல்வேலி நம்பர். போக்குவரத்துப் போலீஸ் நிறுத்திக் கேட்கும்போதெல்லாம், "நான் இந்த ஊரு இல்ல சார்" என்பார். "சரி, எப்ப வந்தீங்க?" என்று அவர்கள் கேட்டால் அங்கேதான் சிக்கல்.

ஒருமுறை எங்கள் ஊரான தேன்கனிக்கோட்டைக்கு மாரியம்மன் பண்டிகைக்கு இரண்டு பேரையும் அழைத்துப் போனேன். அண்ணாச்சி ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தியபோதே அதை ரோட்டைப் பார்க்கத் திருப்பித்தான் நிறுத்தினார். எல்லோரும் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது எங்கப்பா பேச்சுவாக்கில், நேற்று ராத்திரி யானை வந்து ராகிக் கொல்லையை மிதித்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அண்ணாச்சி கதவுக்குப் பக்கத்து இலைக்கு மாறி உட்கார்ந்தார்.

"யானை எந்தப் பக்கமா வரும்?"

"அது சொல்லிட்டா வருதுங்க?" என்றார் எங்கப்பா.

"ஓசூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

"நீங்க வண்டிலதான வந்திருக்கீங்க?"

"வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னா?"

அவர்கள் கிளம்பிப் போன பிறகு அப்பா என்னிடம் சொன்னார்: "ஒள்ளே மனுஷா. ஆனா வந்ததுல இருந்து போறதப் பத்தியே பேசறாரே." எங்கள் வீட்டில் பாதி கன்னடம்; நல்ல மனுஷன் என்று அர்த்தம். அண்ணாச்சியைப் பற்றி யாரும் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை.

கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். கம்பெனியில் பழைய மெஷின்களைக் கழித்துக்கட்டியபோது ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணாச்சி ஒன்றை எடுத்தார். வாங்கி வந்தவர் சந்தோஷமாக இல்லை. ஏனென்றால் அதற்குப் பெட்டி கிடையாது. ஊருக்கு எப்படிக் கொண்டு போவது? முறையாக அனுமதி வாங்கி, டிஸ்பாட்ச்சிலிருந்து கெட்டியான அட்டை கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அளவெடுத்து, வெட்டி, மடித்து, உள்ளே தெர்மோகோல் மூலை கொடுத்து, அவரே ஒரு பெட்டி செய்தார். கம்ப்யூட்டர் அச்சாக அதில் உட்கார்ந்தது. பிறகு வெளியே எடுத்து மேசையில் வைத்தார். அதன் பிறகுதான் சாப்பிட்டார்.

அந்த கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ் இரண்டே மாதத்தில் வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டது. திறந்தால் நீலமாகி நிற்கும். என்னைக் கூப்பிட்டார்கள். நான் அப்போது, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மேல் பைத்தியம் பிடித்து அலைந்த காலம். வெளிநாட்டிலிருந்து தபாலில் இலவசமாக வந்த சிடிகளை அட்டை உறையோடு பத்திரமாக வைத்திருந்தேன். போகிற வீட்டிலெல்லாம் அதைப் போட்டுக் காட்டுவேன். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிற பழைய லினக்ஸ் இல்லை இது. சிடியைப் போட்டால் போதும், கொஞ்ச நேரம் முனகிவிட்டு, படம், மெனு, சின்னச் சின்ன ஐகான் எல்லாவற்றோடும் ஓர் அழகான முகப்பு வந்து நிற்கும். மவுஸ் என்கிற எலியைப் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் உபயோகிக்கலாம். பிடித்திருந்தால் முகப்பில் இருக்கும் 'இன்ஸ்டால்' என்ற ஐகானை அழுத்தினால் கம்ப்யூட்டரிலேயே நிரந்தரமாக இறங்கிவிடும். என் திட்டம் இதுதான்: முதலில் சிடியிலிருந்து ஓட்டிக் காட்டுவது, மயங்கியதும் இன்ஸ்டால் செய்துவிடுவது.

அண்ணாச்சி மயங்கத்தான் செய்தார். ஆனால் தப்பான இடத்தில் மயங்கினார்.

"இது வந்ததுனால கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இருக்கது எதுவும் மாறாதா?"

"ஒன்னும் மாறாது அண்ணாச்சி. இப்ப இது சிடிலதான் ஓடுது. சிடிய எடுத்துட்டா பழையபடி ஆயிடும்."

"எழுதினது, வரைஞ்சது?"

"எல்லாம் போயிடும். வந்த சுவடே இருக்காது. அதனாலதான் இன்ஸ்டால் பண்ணிக்கலாம்னு..."

அவர் மீதியைக் கேட்கவில்லை. அந்த முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வந்த சுவடு இல்லாமல் போகிற ஒரு பொருளை இத்தனை வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டேன்.

"இது போதும் எம்மா. இன்ஸ்டால் எல்லாம் வேண்டாம். இதுவே நல்லாருக்கு."

அதன் பிறகு மாசக்கணக்கில் அந்த வீட்டில் கம்ப்யூட்டர் சிடியில்தான் ஓடியது. ஒவ்வொரு தடவையும் புதுசாக முதலிலிருந்து. சிடி சுற்றுகிற சத்தம் எங்கள் போர்ஷன் வரைக்கும் கேட்கும். அது எழுந்து நிற்பதற்குள் அக்கா காபியே போட்டுவிடுவார். அண்ணாச்சி உட்கார்ந்து, முகப்பில் கடல் படம் ஒன்றை வைப்பார், கடிகாரத்தைச் சரிசெய்வார், எழுத்தைப் பெரிதாக்குவார். அணைத்தால் எல்லாம் போய்விடும். மறுநாள் மறுபடியும் கடல், கடிகாரம், எழுத்து. இதில் அவருக்கு அலுப்பே இல்லை. "லாட்ஜ் ரூமைக் காலி பண்ணிக் குடுத்த மாதிரி எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தியா?" என்பார்.

ஒரே தொந்தரவு அந்த இன்ஸ்டால் ஐகான்தான். அது முகப்பிலேயே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. முதலில் அதை இழுத்து மூலையில் தள்ளினார். மறுநாள் அது பழைய இடத்திலேயே இருந்தது. குப்பைத்தொட்டியில் போட்டார். மறுநாளும் வந்து நின்றது. எதுவும் மாறக்கூடாது என்று கேட்டவருக்கு அதுவும் மாறவில்லை.

"இது என்ன எம்மா, வெரட்டி விட்டாலும் வாசல்ல வந்து நிக்கி!"

"உள்ள கூப்பிட்டா நிக்காது அண்ணாச்சி," என்றேன். காதில் வாங்கவில்லை.

இதற்கிடையில் அக்காவுக்கு ஒரு வேலை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அக்கா டைப்பில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். ஓசூருக்கு வந்த பிறகு அந்த விரல்கள் வெங்காயம் உரித்ததோடு சரி. வேலைக்குப் போகிறேன் என்று கேட்கும்போதெல்லாம் அண்ணாச்சியின் பதில் ஒன்றுதான்: "சேந்து ரெண்டு மாசத்துல விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர், வீட்டிலிருந்தே டைப் அடித்துத் தர ஆள் தேடினார். பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவனின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொடுத்தார். கிரானைட் அறுக்கும்போது வரும் தூளில் செங்கல் செய்வது எப்படி என்று. இதைப் பிழையில்லாமல் முடித்துக் கொடுத்தால், அந்த சீசனில் வருகிற ரிப்போர்ட் எல்லாம் அக்காவுக்குத்தான் என்றார்.

அக்காவை அந்த வாரம் பார்த்திருக்க வேண்டும். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் டைப் சத்தம் மழை மாதிரி விழுந்துகொண்டிருந்தது. "எம்மா, விரல் எதையும் மறக்கல கேட்டியா" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னிடம் கையை விரித்துக் காட்டினார். சிடி எழுந்து வர நேரமாகிறது என்று கம்ப்யூட்டரை அணைக்காமலே வைத்து, மூன்று நாள் அடித்தார். ஒழுங்கான டைப்பிஸ்ட் ஆகையால் பாராவுக்குப் பாரா சேவ் பண்ணவும் செய்தார்.

சிடியில் ஓடும்போது சேவ் செய்தாலும் அது நிற்காது என்பதை நான் அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அண்ணாச்சிக்கு அது நல்ல செய்தி. அதனால் அதை எச்சரிக்கையாக யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அன்று பிரதோஷம். மலைக்கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. அண்ணாச்சி ஷிப்ட் முடிந்து வந்து குளித்துக் கிளம்பினார். வீட்டைப் பூட்டும்போது அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. தெருக்கோடிக் கடைக்குப் போனாலும் திருநெல்வேலிக்குப் போனாலும் அதே வரிசைதான்: கேஸ், குழாய், ஜன்னல், கடைசியில் மெயின் சுவிட்ச். அக்கா பின்னால் துணி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மெயினை இறக்கிவிட்டார்.

கோயிலிலிருந்து திரும்பிய கொஞ்ச நேரத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. போய்ப் பார்த்தேன். திரையில் எல்லாம் புத்தம் புதுசாக இருந்தது. செங்கல் ரிப்போர்ட் இருக்க வேண்டிய இடம் காலி.

"அக்கா, இது சிடில ஓடறப்ப நீங்க எழுதறது எல்லாம் மெமரியிலதான் இருக்கும். கரண்ட்டு போனா..."

"நான் சேவ் பண்ணுனேனே?"

"சேவ் ஆனதும் அந்த மெமரியிலதான்கா."

"அப்ப சேவுன்னு எதுக்கு ஒண்ண வச்சிருக்கான்?"

அப்போது பின்னாலிருந்து அண்ணாச்சி, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தன் வாழ்நாளிலேயே மோசமான வாக்கியத்தைச் சொன்னார்.

"போகட்டும்ட்டி. கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகலைல்லா? வந்தது வந்தபடி இருக்கு பாரு."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய் சாமி படத்துக்கு முன் பிரசாதத்தை வைத்தார்.

மறுநாள் காலையில் பொதுக் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்புப் பக்கம் போனேன். ஓசூர்க் குளிருக்கு அந்த அடுப்பு இல்லாமல் யாருக்கும் குளியல் இல்லை. அக்கா அண்டாவுக்கு அடியில் அட்டையைக் கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அட்டையில் ஒரு மிக்சியின் படம் இருந்தது. நான் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

"அக்கா, அது மிக்சி பெட்டி..."

"வெந்நி போடணும்லா?" என்றார் அக்கா, நிதானமாக.

"அண்ணாச்சி?"

"பாத்துக்கிட்டுதான் இருக்காவ."

திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி தோளில் துண்டோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார். எரிவது பெட்டி இல்லை, பஸ் டிக்கெட் என்பது போலப் பார்த்தார்.

அக்காவின் நிபந்தனை தெளிவாக இருந்தது. கடைக்காரர் அந்தப் பையனிடம் பேசி இன்னொரு வாரம் அவகாசம் வாங்கிக் கொடுத்திருந்தார். "இந்த எம்மா வந்து அத நிரந்தரமா எறக்கிக் குடுக்கட்டும், அப்பறம் அடிக்கேன். இனிமே தண்ணியில எழுத என்னால ஆகாது. அதுவரைக்கும் தெனம் ஒரு பெட்டி."

தினம் ஒரு பெட்டி போயிற்று. மின்விசிறி. இஸ்திரி. குக்கர். காம்பவுண்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தெலுங்கு பேசும் வீட்டுக்கார அம்மா தினம் காலையில் எட்டிப் பார்த்து, "ஈ ரோஜு ஏ பெட்டி?" என்று, அன்றைக்கு எந்தப் பெட்டி என்பதை விசாரித்தார். அண்ணாச்சி தினமும் என் வாசலுக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இன்ஸ்டால் பண்ணிட்டா, திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா?"

"முடியாது அண்ணாச்சி."

"ஒரு வழியும் கெடையாதா?"

"கெடையாது."

"சரி, யோசிச்சுச் சொல்லுதேன்" என்று போவார். அடுத்த நாள் இன்னொரு பெட்டி எரியும். சனிக்கிழமை ஷிப்ட்டுக்குப் போகும் முன் ஒரு பெரிய பெட்டியை இரண்டு கையாலும் தழுவிக்கொண்டு வந்தார். அவரே செய்த கம்ப்யூட்டர் பெட்டி.

"எம்மா, இத மட்டும் ஒன் வீட்டுல ஒளிச்சு வை. அவகிட்ட சொல்லிராத."

என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன். சிரிப்பு வந்தாலும், அந்தப் பெட்டியின் மூலைகளை அவர் மடித்திருந்த விதத்தைப் பார்த்தபோது பாவமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவை இடித்தார். "எம்மா, சீக்கிரம் வா. டிவியத் தரையில எறக்கி வச்சுட்டா!"

அடுத்தது டிவி பெட்டி என்று அர்த்தம். சிடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அண்ணாச்சி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தானே செய்வதாகச் சொன்னார். பின்கதவுக்கு அருகே அக்கா காலி டிவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாசக்கணக்காக வாசலில் நின்ற அந்த ஐகானை அண்ணாச்சி அழுத்தினார். முதல் திரை, எந்த மொழி என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்: முன்னே போக ஒன்று, பின்னே வர ஒன்று. முன்னே போனார். உடனே பின்னே வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"திரும்பி வர முடியுதான்னு பாத்தேன்."

ஒவ்வொரு திரையிலும் இதே கதை. முன்னால் ஓர் அடி, பின்னால் ஓர் அடி, பிறகு மறுபடி முன்னால். எனக்குத் தலை சுற்றியது. அடுத்து உலக வரைபடம் வந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்றது. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இந்தியாவின் தென்கோடியில் எலியை வைத்துத் தேடினார்.

"அங்க ஒன்னும் இல்ல அண்ணாச்சி. நம்ம நாடு முழுக்க ஒரே டைம்தான். கல்கத்தான்னு போட்டிருக்கும், அத அழுத்துங்க."

"கல்கத்தாவா? ஓசூருக்கு வந்ததே தப்புன்னு இருக்கேன், இதுல கல்கத்தாவுக்கு எதுக்கு?"

"போகச் சொல்லல. சும்மா அழுத்துங்க."

பின்கதவுப் பக்கம் அட்டை கிழிகிற சத்தம் சர்ரென்று கேட்டது. கல்கத்தாவை அழுத்தினார்.

அடுத்தது, இந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றது. உங்களுக்குப் பிடித்த பெயர் எதுவானாலும் வைக்கலாம் என்றேன். ஊர்ப் பெயரை வைப்பார், அல்லது குலசாமி பெயர் என்று நினைத்தேன். வெகுநேரம் யோசித்து, ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில் 'தற்காலிகம்' என்று அடித்தார்.

கடைசியாக வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க். இதுதான் நிஜமான இடம். பழையதை அழித்துவிட்டு முழு வட்டிலும் இறக்கப்போகிறேன், இதற்குப் பிறகு திரும்ப முடியாது என்று எச்சரிக்கை வந்தது. ஒரு பாதியை விட்டுவைக்கலாமா என்று நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். அந்தப் பழைய விண்டோஸ் கிடந்த கிடப்பில் பிரிக்க வழியில்லை.

"பழசு எங்க போகும்?" என்றார்.

"எங்கயும் போகாது. அழிஞ்சிடும்."

"அழிஞ்சு எங்க போகும்?"

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. "அதுல வைரஸ்தான் அண்ணாச்சி இருக்கு. வைரஸப் பத்திரமா ஊருக்கு எடுத்துட்டுப் போகணுமா?"

அவர் பின்னே போகும் பொத்தானை அழுத்தினார். பெயர் கேட்ட திரை. மறுபடி அழுத்தினார். வரைபடம். மறுபடி. மொழி கேட்ட முதல் திரைக்கே வந்து நின்றுவிட்டார். அட்டை கிழியும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றார்.

"இந்த ஊருக்கு வந்ததுல இருந்து என்னையும் தெர்மோகோல் போட்டுப் பெட்டிக்குள்ளயே வச்சிருக்கீக. ஊருக்குப் போய்த்தான் பிரிப்பீகளோ?"

சிரித்துக்கொண்டு சொல்வது போலத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. நான் அங்கே இருந்திருக்கக் கூடாது என்று தோன்றியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்ததால் அதுவும் தெரியவில்லை.

அண்ணாச்சி திரைக்குத் திரும்பினார். அப்புறம் முன்னே போகும் பொத்தானை வரிசையாக அழுத்திக்கொண்டே போனார். கல்கத்தா, தற்காலிகம், வட்டு. எங்கும் நின்று திரும்பிப் பார்க்கவில்லை. எச்சரிக்கை வந்ததும் 'இன்ஸ்டால்' என்பதை அழுத்திவிட்டு, எலியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அது இறங்கி முடிகிற வரைக்கும், லாரி லோடு ஏறும்போது நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முடிந்ததும் சிடி தானாகவே வெளியே வந்தது. எடுத்து என்னிடம் கொடுத்தார். கம்ப்யூட்டர் சிடி இல்லாமலே எழுந்து நின்றது. அவர் முகப்பை மேலும் கீழும் தேடினார்.

"அந்த இன்ஸ்டால் எங்க எம்மா?"

"அதுக்கு வேல முடிஞ்சுது அண்ணாச்சி. போயிடுச்சு."

"தெனம் வந்து நின்னுச்சு" என்றார், வருத்தமாக.

டிவி பெட்டியில் ஒரு மடல்தான் கிழிந்திருந்தது. அன்று மாலையே பழுப்பு டேப் போட்டு ஒட்டிவிட்டார். டிவி திரும்ப மேலே ஏறியது. அக்கா அந்த வாரமே செங்கல் ரிப்போர்ட்டை முதலிலிருந்து அடித்து முடித்தார். முதல் பத்தியை அடித்து, சேவ் செய்து, அணைத்து, மறுபடி போட்டு, அது அப்படியே இருப்பதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வருஷம் காலேஜ் பிள்ளைகள் பஸ் ஏறி நேராக எங்கள் காம்பவுண்டுக்கே தாளோடு வந்து நின்றார்கள். 'இங்கு டைப் செய்து தரப்படும்' என்று வாசலில் ஒரு பலகை வந்தது. அண்ணாச்சி அதை ஆணி அடித்து மாட்டவில்லை. ஜன்னல் கம்பியில் கட்டினார். கழற்ற வசதியாக இருக்குமாம். தற்காலிகம் என்ற அந்தக் கம்ப்யூட்டர் நான் பார்க்க ஒருநாளும் படுக்கவில்லை. பொங்கல்கள் வந்து போயின.

பிறகு எனக்குப் புனேயில் வேலை கிடைத்தது. ஓசூரை விட்டுக் கிளம்பும்போது புத்தகம், பாத்திரம், சிடி எல்லாவற்றையும் லாரி சர்வீஸில் போடவேண்டும். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்து அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். ரகசியத்துக்கு அவசியம் இல்லாமல் போய் ரொம்ப நாளாகியும் அவர் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

"உங்க கம்ப்யூட்டர் பெட்டி அண்ணாச்சி."

"அதுலயே ஒன் சாமானப் போடு. அச்சாப் பிடிக்கும்."

"உங்களுக்கு வேணாமா?"

"போடுன்னா போடு."

அவரே உட்கார்ந்து அடுக்கினார். இடுக்குகளில் பழைய ப்ராஜெக்ட் தாள்களைக் கசக்கித் திணித்தார். டேப்பை நீளமாக இழுத்து ஒட்டினார். பிறகு மார்க்கர் பேனாவை எடுத்து, பெரிய எழுத்தில் என் புனே விலாசத்தை எழுதினார். முடிந்தது என்று பெட்டியைத் தூக்கப் போனேன். "இரு" என்றார். இடதுபக்க மூலையில் சின்னதாக இன்னொரு விலாசம் எழுதினார். குனிந்து பார்த்தேன். அவருடைய பெயர், எங்கள் காம்பவுண்டு, ஓசூர்.

"இது எதுக்கு?"

"சேர வேண்டிய எடத்துல சேரலேன்னா எங்க திரும்பி வரணும்னு எழுதணும்லா. அது இல்லாம நம்ம கையில இருந்து ஒரு பெட்டி வெளிய போனது கெடையாது."

அழுதுவிடக் கூடாது என்பதற்காகவே வம்புக்கு இழுத்தேன். "நீங்கதான் பொங்கலோட ஊருக்குப் போயிடுவீங்களே அண்ணாச்சி. பெட்டி திரும்பி வந்தா யார் வாங்குவாங்க?"

அவர் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். மூலையில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"நாங்க எங்க போகப்போறோம்?" என்றார்.

உள்ளே டைப் சத்தம் நின்றது.

"என்ன சொன்னீக?" என்று அக்காவின் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்லட்டி," என்றார் அண்ணாச்சி. "டேப் தீந்து போச்சுன்னேன்."